சம்பந்தி 24:10க்கு வெளியே போனார்

நான் எழுதப்போகிற இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. சத்தியம் செய்துவிட்டுத் தொடங்கலாம் என்று மனைவியைக் கூப்பிட்டு, தலையைக் கொஞ்சம் காட்டச் சொன்னேன். எந்தக் கதைக்கு என்று கேட்டாள். கம்ப்யூட்டர் கதைக்கு என்றேன். "உங்க தலையிலயே அடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்படியே செய்கிறேன். வலது கை என் தலைமேல் இருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான். விஷயத்தில் கோணல் இல்லை.

முப்பத்தொரு வருஷம் ஒரு பொத்தான் தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பார்ப்பது என் வேலை. உள்ளே இருந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது என் வேலையில்லை. அது யாருடைய வேலை என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மேனேஜர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அவரவர் பிரிவைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் டைம் ஆபீஸ். சரக்கறையைப் பார்த்துக்கொள்பவர் ஸ்டோர். மேனேஜருக்குப் பிறவியிலேயே சந்தேகம். டீ கொண்டுபோய் வைத்தால், சர்க்கரை போட்டிருக்கிறதா என்று கேட்க மாட்டார். யார் போட்டது என்று கேட்பார். மழை பெய்தால், ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நேத்து ஏன் பெய்யலை?" என்பார்.

இந்த ஸ்டோர் என் சம்பந்தி. அவர் பெண்ணைத்தான் என் பையனுக்குக் கட்டியிருக்கிறது. இடுப்பில் நாற்பது சாவி தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் அவர் சத்தம் வந்துவிடும். அதனால் தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் சாவிக்கொத்து. கனமான உடம்பு. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு தவணை எடுப்பார். முதல் தவணையில் முடிவு செய்வார், இரண்டாவதில் எழுந்திருப்பார். தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டிக் கம்பெனி கொடுத்த வீட்டில் குடியிருந்தார். நாங்கள் எல்லாரும் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் கேன்டீனுக்கு ஓடுவோம். அவர் மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு, பின்கேட் வழியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணசந்துவிட்டு, ஒரு மணிக்குள் திரும்பிவிடுவார். அப்போது கேன்டீனில் தட்டை விட்டுவிட்டு யாரும் பின்கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. ஆகவே பகல் வாட்ச்மேனைத் தவிர அவர் போய்வருவதைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை.

இப்படி இருக்கையில் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஏழு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். அதற்கு வெயில் ஆகாது என்று ஓர் அறையைக் காலி செய்து ஏ.சி. போட்டார்கள். மறுநாள் மேனேஜர் தன் நாற்காலியை அந்த அறைக்கு மாற்றிக்கொண்டார். கம்ப்யூட்டர் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டுமாம். அதற்கு மறுநாள் அவர் ஒரு கம்பளிப் போர்வையும் கொண்டுவந்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து மூன்று நாள் தங்கி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். இனிமேல் கேட் புத்தகத்தில் இருக்கும் நேரத்தை எல்லாம் ரயில்வே டைமுக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டுமாம். ஒரு மணி என்றால் 13:00, இரண்டு மணி என்றால் 14:00, அப்படி.

"நீங்களே ஒரு ப்ரோக்ராம் எழுதுங்க அங்கிள். சின்னதுதான். கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லணும். 'இப்படி இருந்தா இதைச் செய், இல்லேன்னா அதைச் செய்.' அவ்வளவுதான்."

"நான் சொன்னா கேக்குமா?"

"அப்படியே கேக்கும் அங்கிள். மறுபேச்சே கிடையாது."

முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. அவள் ஊருக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன். பி.எம். என்று இருந்தால் மணியோடு பன்னிரண்டைக் கூட்டு. இல்லாவிட்டால் அப்படியே விடு. விஷயம் இவ்வளவுதான். எழுதியதைச் சோதித்தும் பார்த்தேன். காலைச் சங்கு எட்டு மணி, 08:00 என்றது. காலை டீ பத்தரை, 10:30. மாலை டீ மூன்றரை, 15:30. வீட்டுக்குக் கிளம்புவது ஐந்து, 17:00. நான் தூங்கப்போவது ஒன்பது, 21:00. என் நாளில் இருக்கிற முக்கியமான நேரம் எல்லாம் சரியாக வந்துவிட்டது. பன்னிரண்டு மணியை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. அப்போது சங்கு ஊதிவிட்டது, சாப்பிடப் போய்விட்டேன்.

பிறகு ஒரு மாதத்துக் கேட் புத்தகத்தை உள்ளே ஏற்றி, அச்சடித்து எடுத்தேன். தாள் நீளமாக வந்துகொண்டே இருந்தது. ஜன்னல் வழியாக வெளியே போய், சைக்கிள் நிறுத்துமிடம் வரை போய்த் திரும்பியது. ஒரு பிரதி மேனேஜருக்கு, ஒரு பிரதி கேட்டில் இருக்கும் அறிவிப்புப் பலகைக்கு. கம்ப்யூட்டர் வந்த பிறகு புத்தகம் எதற்கு என்று கேட் புத்தகத்தைத் தலைமை அலுவலகத்துக்குப் பார்சல் கட்டி அனுப்பியாயிற்று.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டார்.

"டைம் ஆபீஸ்."

"சார்."

"கதவைச் சாத்துங்க."

சாத்தினேன்.

"இன்னும் நல்லாச் சாத்துங்க."

சாத்திய கதவை மறுபடி சாத்தினேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து தாளை நீட்டியது. சில வரிகளுக்குக் கீழே சிவப்புக் கோடு.

"படிங்க."

"ஸ்டோர். வெளியே 24:10. உள்ளே 24:50."

"அடுத்த நாள்?"

"வெளியே 24:12. உள்ளே 24:49."

"இருபத்தாறு நாளும் இப்படித்தான். ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல உங்க சம்பந்தி நம்ம ஃபேக்டரியில இருந்து வெளிய போறார். திரும்ப உள்ள வர்றார். நான் கேக்கறேன், சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெளிய போன மனுஷன், நடுவுல உள்ள வராமலே எப்படி மறுபடி வெளிய போறார்?"

"தெரியலையே சார்."

"ராத்திரி உள்ள வந்தவர் வெளிய போகாமலே, காலையில எட்டு மணிக்கு எப்படி மறுபடி உள்ள வர்றார்?"

"அதுவும் தெரியலை சார்."

"சுவரேறி."

எங்கள் சுவர் ஒன்பது அடி. மேலே கண்ணாடிச் சில்லு பதித்தது. அதன்மேல் சம்பந்தியை வைத்துப் பார்க்க என் மனம் எவ்வளவோ முயன்றது. பாதிச் சுவரிலேயே நின்றுவிட்டது.

"சார், அவர் நடந்தாலே சாவிச் சத்தம் ரெண்டு தெருவுக்குக் கேக்கும். ராத்திரி வந்தா தெரியாம இருக்குமா?"

"பகல்ல எதுக்கு அவ்வளவு சத்தம் போடறார்னு யோசிச்சீங்களா? சத்தம் கேக்கலைன்னா அது அவர் இல்லைன்னு நாம நினைச்சுக்கணும். அதுக்குத்தான்."

எனக்கு இது நியாயமான பேச்சாகவே பட்டது.

"இன்னொண்ணு. மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போறேன்னு எங்கிட்ட எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருக்காரே, ஒரு நாளாவது மதியம் போயிருக்காரா பாருங்க."

பார்த்தேன். ஒரு நாள்கூடப் போகவில்லை. நானே எழுதிய ப்ரோக்ராம் பொய் சொல்லுமா? உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்று நாளில் படித்ததை வைத்து இவ்வளவு பெரிய ஆளைப் பிடித்துவிட்டேனே. அதற்குத் தோதாக, சம்பந்தி தினமும் மூன்று மணிக்குக் கொட்டாவி விடுவதும் ஞாபகம் வந்தது. ராத்திரி கண் விழிக்காதவன் மூன்று மணிக்கு ஏன் கொட்டாவி விடுகிறான்? நானும் அதே நேரத்தில் விடுவேன். ஆனால் என்னுடையது அவரைப் பார்த்து வந்தது.

மேனேஜர் பகல் வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஸ்டோர் எத்தனை மணிக்கு வெளிய போறார்?"

"பன்னெண்டு பத்துக்கு சார்."

"திரும்ப வர்றது?"

"ஒண்ணுக்குள்ள வந்துடுவார் சார். ரொம்ப ஒழுங்கு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அப்படியே ஒத்துப்போகிறது, பார்த்தீர்களா என்று அர்த்தம். வாட்ச்மேன் போனதும் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "இவனுக்கு டூட்டி சாயங்காலம் ஆறு மணியோட முடியுது. ராத்திரி பன்னெண்டு பத்துக்கு இவன் எப்படிப் பார்த்தான்? இவனும் கூட்டு" என்றார்.

அடுத்து, சரக்கறையில் எது குறைகிறது என்று பார்க்க நான்கு பேரை விட்டார். இரண்டே நாளில் பதினேழு லட்சம் பொத்தான்களை எண்ணி முடித்தார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. ஒன்று அதிகமாக இருந்தது. எண்ணியவரில் ஒருவர் சட்டையிலிருந்து விழுந்ததாம். இதைக் கேட்டதும் மேனேஜருடைய முகம் தொங்கியது. கொஞ்ச நேரத்தில் மலர்ந்தது.

"இருபத்தாறு ராத்திரி வந்தும் ஒண்ணும் எடுக்கலைன்னா, அவர் எடுக்கப்போறது எவ்வளவு பெருசா இருக்கும்!"

அன்றிரவு அவரே ராத்திரி வாட்ச்மேனைத் துணைக்கு வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் காலையில் எனக்கு விவரம் சொன்னார். கண் இரண்டும் சிவந்து, முகமெல்லாம் கொசுக்கடி.

"யாரும் வரலை."

"அப்பாடா" என்றேன்.

"என்ன அப்பாடா? நாங்க உட்கார்ந்திருக்கிறது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. யாரோ சொல்லியிருக்காங்க." சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். "அவருக்கு இங்க வேண்டியவங்க யார் யாரு?"

அந்தக் கேள்விக்கு ஆபீஸில் ஒரே பதில்தான் இருந்தது. அது அவர் எதிரே நின்றுகொண்டிருந்தது.

மதியத்துக்குள் சம்பந்திக்கு மெமோ போய்விட்டது. அனுமதியில்லாத நேரத்தில் வளாகத்துக்குள் நடமாடியது ஏன்? வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு விசாரணை. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வேலை போகும். ஒரு வாரத்தில் கம்பெனி வீட்டையும் காலி செய்ய வேண்டும். அவர் ஓய்வுபெற இன்னும் எட்டே மாதம்தான் இருந்தது.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தேன். மருமகள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். ஆறியிருந்தது. அவள் கையால் எனக்கு ஆறிய டீ வந்தது அதுதான் முதல் தடவை.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"அப்பாவுக்கு வீடு போச்சுன்னா அவங்க ரெண்டு பேரும் இங்கதானே வரணும்? முன் ரூமை ஒழிச்சுடலாமான்னு பாத்தேன்."

முன் ரூம் என்னுடையது. அதில் என் கட்டில், என் ரேடியோ, என் ஜன்னல். அதைவிடப் பெரிய விஷயம், எங்கள் வீட்டில் குளியலறை ஒன்றுதான். சம்பந்தி குளியலறைக்குள் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். கல்யாணத்தன்று அதனால்தான் முகூர்த்தத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர் பெண்ணின் தகப்பனாராக இருந்தார்.

மனைவி சமையலறையிலிருந்து, "ஏங்க, ஊர்ல எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் படிக்கிறாங்க. படிச்ச முதல் வாரத்துல சம்பந்தி வேலைக்கு உலை வெச்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

"நான் என்ன செஞ்சேன்? கம்ப்யூட்டர் சொல்லுது."

"கம்ப்யூட்டருக்குச் சொன்னது யாரு?"

அந்த நேரம் பார்த்துத் தெருவில் சாவிச் சத்தம் கேட்டது. இரண்டு நிமிஷம் கழித்துச் சம்பந்தி உள்ளே வந்தார். இரண்டு தவணையில் உட்கார்ந்தார். மெமோவை எடுத்து மூக்குக்கண்ணாடிக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

"சம்பந்தி, இந்த ப்ரோக்ராம் நீங்க எழுதினதாமே?"

"ஆமாம்."

"நான் எப்போ தூங்கறேன்னு அதுல ஏதாவது வருதா?"

"வரலையே."

"அதான் நானும் பார்த்தேன். இந்தப் பேப்பர்படி நான் தூங்கி ஒரு மாசமாகுது. எனக்கே பாவமா இருக்கு." மெமோவைத் திருப்பி என்னிடம் காட்டினார். "இருபத்து நாலு பத்துன்னு போட்டிருக்காங்களே. என் கடிகாரத்துல பன்னெண்டு வரைக்கும்தான் இருக்கு. மீதி பன்னெண்டு எந்தக் கடையில விக்கிறாங்க?"

"நிஜத்தைச் சொல்லுங்க சம்பந்தி. வெளிய எங்கதான் போறீங்க?"

"சாப்பிடப் போறேன். உங்க பையனோட மாமியார் சமைக்கிறா. போகலைன்னா யார் பதில் சொல்றது?"

அவர் இவ்வளவு நிதானமாகப் பேசியது எனக்குச் சரியாகப் படவில்லை. குற்றம் செய்யாதவன் பதறுவான் இல்லையா? பதறியிருந்தால் குற்றவாளிதான் பதறுவான் என்று நினைத்திருப்பேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போகும்போது அவர் எங்கள் குளியலறைக் கதவை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் போனார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதற்குள் கேட்டில் ஒட்டியிருந்த பிரதியைத் தொழிலாளர்கள் படித்திருந்தார்கள். அவர்களுக்குத் தோன்றிய சந்தேகம் வேறு மாதிரி. எல்லாருக்கும் நாள் என்பது இருபத்து நான்கு மணியோடு தீர்ந்துபோகிறது. சாவிக்கொத்துக்கு மட்டும் அதற்கு மேலும் ஒரு மணி நேரம் ஓடுகிறது. அதில்தான் அவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார், தெம்பாக இருக்கிறார். வியாழக்கிழமை சங்கத் தலைவர் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்கு வந்துவிட்டார்.

"நிர்வாகத்துக்கு வேண்டியவங்களுக்கு மட்டும் இருபத்தஞ்சு மணி நேரமா? எங்களுக்கும் கொடுங்க."

"அப்படி ஒரு நேரமே கிடையாதுய்யா."

"இல்லாத நேரத்துல வெளிய போனார்னு எதுக்கு சார் மெமோ கொடுத்தீங்க?"

மேனேஜர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். அன்று முழுவதும் ஆளுக்கு ஆள் அடுத்தவர் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேன்டீன்காரர் கொஞ்சம் தாமதமாக வந்ததற்கு, "உனக்கென்ன, எக்ஸ்ட்ரா வெச்சிருக்கே" என்று கேட்டார்கள். அவர் அழாத குறை.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ராத்திரி வாட்ச்மேன் டைம் ஆபீஸுக்கு வந்தார். தூங்க வேண்டிய நேரத்தில் வந்த முகம். தலை கலைந்திருந்தது.

"சார், உங்களுக்கும் எனக்கும் ஏதாவது தகராறா?"

"இல்லையே. ஏன்?"

"பின்ன என் குடும்பத்துல ஏன் சார் கொள்ளி வெக்கறீங்க? தினமும் மதியம் 12:20க்கு நான் கேட்டை விட்டு வெளிய போயிட்டு 12:40க்குத் திரும்பி வந்ததா லிஸ்ட்ல போட்டிருக்கு. என் பொண்டாட்டி அதைப் பாத்துட்டா. பகல் முழுக்க வீட்ல குறட்டை விட்டுத் தூங்கற ஆளு மதியம் கேட்டுல என்னய்யா பண்றேங்கறா. அப்போ கட்டில்ல படுத்திருந்தது யாருன்னு கேக்கறா சார்."

"நீ எப்போதான் வெளிய போனே?"

"ராத்திரி சார். பன்னெண்டு இருபதுக்கு. பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்க. கேட் புஸ்தகத்துல நானே ஏ.எம்.னு எழுதினேன்."

"12:20 ஏ.எம்."

"ஆமாம் சார். வந்து அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

ராத்திரி டீ குடித்தவன் பட்டியலில் மத்தியானம் நிற்கிறான். மத்தியானம் சாப்பிடப் போனவர் ராத்திரி சுவரேறுகிறார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பன்னிரண்டு ஒன்றுதான். வாட்ச்மேனை அனுப்பிவிட்டு ப்ரோக்ராமைத் திறந்து, என் வரிகளை விரல் வைத்துப் படித்தேன். பி.எம். என்று இருந்தால் பன்னிரண்டைக் கூட்டு. ஒரு மணியோடு கூட்டினால் பதின்மூன்று, சரி. பன்னிரண்டோடு கூட்டினால்?

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இருபத்து நான்கு.

மத்தியானம் பன்னிரண்டு என்பது ரயில்வே டைமிலும் பன்னிரண்டுதான். அதோடு ஒன்றையும் கூட்டக் கூடாது. ராத்திரி பன்னிரண்டைத்தான் பூஜ்யமாக்க வேண்டும். அதை நான் அப்படியே விட்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எனக்குக் கோபமாக வந்தது. மனைவியாக இருந்தால் பன்னிரண்டும் பன்னிரண்டும் எப்படிங்க என்று அப்போதே கேட்டிருப்பாள்.

இரண்டு வரி சேர்த்தேன். பன்னிரண்டு பி.எம். என்றால் கூட்டாதே. பன்னிரண்டு ஏ.எம். என்றால் பூஜ்யம் போடு. இந்தத் தடவை சங்கு ஊதியும் நான் சாப்பிடப் போகவில்லை. புதுப் பட்டியலை அச்சடித்து எடுத்தேன். ஸ்டோர், வெளியே 12:10, உள்ளே 12:50. ராத்திரி வாட்ச்மேன், வெளியே 00:20, உள்ளே 00:40. இருபத்தாறு நாளும் அவரவர் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

இரண்டு மணிக்கு விசாரணை. மேனேஜர், சம்பந்தி, நான், மூன்று பேர்தான். நான் புதுத் தாளை மேஜைமேல் வைத்து, விஷயத்தைச் சொன்னேன்.

"தப்பு ப்ரோக்ராம்ல சார். எழுதினது நான். தப்பு என்னோடது. அவர் மதியம்தான் போயிருக்கார்."

மேனேஜர் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் ராத்திரி போனவர் இன்னிக்கு மதியம் போயிருக்கார்."

"ஆமாம் சார். அது..."

"போன மாசம் போனதை இந்த மாசம் மாத்தியிருக்கார்னா, இவர் கை எவ்வளவு தூரம் நீளும்!"

"மாத்தினது நான் சார்."

"தெரியும். சம்பந்தியைக் காப்பாத்தப் பழியை உங்க தலையில போட்டுக்கறீங்க. பொண்ணு கொடுத்த இடம். எனக்குப் புரியாதா?"

ஒரு மனிதன் தன் முட்டாள்தனத்தைத் தானே ஒத்துக்கொண்டும் அதை நம்ப மறுக்கிறார்களே என்று எனக்கு நொந்துபோயிற்று. முன் ரூம் கண்முன்னால் வந்து நின்றது. கட்டிலில் சம்பந்தி படுத்திருந்தார். ரேடியோ அவர் பக்கம் திரும்பியிருந்தது.

சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

"சார், மெமோவோட பழைய லிஸ்ட் முழுசையும் சேத்துக் கொடுத்திருந்தீங்க. உட்கார்ந்து படிச்சேன். எனக்குத்தான் இருபத்தஞ்சாவது மணி நேரம் இருக்கேன்னு."

"அதனால?"

"பதினெட்டாம் தேதியைக் கொஞ்சம் பாருங்க. என் பேருக்கு மேல."

மேனேஜர் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மேனேஜர், வெளியே 24:05. உள்ளே 24:55.

"ராத்திரி அந்த நேரத்துல எங்க சார் போனீங்க?" சம்பந்தி ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

"நான் எங்கய்யா ராத்திரி போனேன்? அன்னிக்கு முடிவெட்டிக்கப் போனேன்."

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு எந்தக் கடை சார் திறந்திருக்கு? சொன்னீங்கன்னா நானும் போவேன். பகல்ல கூட்டம் தாங்கலை."

"மதியம்யா! மதியம் பன்னெண்டு அஞ்சு! வெயில்ல நடந்து போனேன், எனக்குத் தெரியாதா?"

"பேப்பர்ல ராத்திரின்னு இருக்கே சார்."

"பேப்பர் கெட்டது! நான் போனது எனக்குத் தெரி..."

அங்கேயே நின்றுவிட்டார். சம்பந்தி கூரையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். மேனேஜர் தன் தலைமுடியைத் தடவிப் பார்த்தார். முன்னால் இருக்கிற இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். சந்தேகப்பட அறையில் வேறு ஆள் மிச்சமில்லை. கடைசியில் போர்வையை எடுத்து மடித்தார்.

"டைம் ஆபீஸ்."

"சார்."

"மெமோவை வாங்கிக் கிழிச்சுடுங்க."

நான் கைநீட்டுவதற்குள் சம்பந்தியே கிழித்துவிட்டார். அவர் இரண்டு தவணை இல்லாமல் எழுந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். சாவிச் சத்தம் சரக்கறை வரைக்கும் போய் அடங்கும்வரை மேனேஜர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் அவர் கையெழுத்தோடு ஓர் ஆணை வந்தது. இனி மதியம் பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் யார் வெளியே போனாலும் ஒன்றே கால் என்றுதான் எழுத வேண்டும். சங்கத் தலைவர் அதைப் படித்துவிட்டு, அந்த ஒன்றே கால் மணி நேரமும் எங்களுக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ராத்திரி வாட்ச்மேன் வீட்டுக்கு நானே நேரில் போய் விளக்கினேன். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க அவருக்கு சிநேகிதரா?" என்றாள்.

மருமகள் கொடுத்த டீ மறுபடி சூடாக வர ஒரு வாரம் ஆயிற்று. முன் ரூம் என்னிடமே இருந்தது. எட்டு மாதம் கழித்துச் சம்பந்தி நாற்பது சாவியையும் எண்ணி ஒப்படைத்து, மாலை மரியாதையோடு ஓய்வுபெற்று, கம்பெனி வீட்டைக் காலி செய்துகொண்டு, தன் மூத்த பையன் கட்டியிருந்த வீட்டுக்குப் போனார். அங்கே இரண்டு குளியலறை. அதே மாதக் கடைசியில் எனக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தொழிற்சாலைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது அதற்கு நான்கு வருஷம் கழித்து.